பாத்து எழுது

இரவு பத்தரை மணி இருக்கும். இரண்டாம் ஆண்டு மாணவிகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். சித்தி மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

“அக்கா, தூங்கிட்டியா?”

“இல்ல, பேப்பர் திருத்திட்டு இருக்கேன். சொல்லு.”

“இன்னைக்குப் போன எடத்துல ஒரு பைப்பக் கண்டுபுடிச்சேன். நாளைக்குக் காலைல ரிப்போர்ட் எழுதணும். என்ன எழுதட்டும்?”

அவள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை என்பது இப்போது புரிகிறது. பகல் முழுவதும் தூக்கிச் சுமந்த ஒன்றை ஒரு நிமிடம் இறக்கிவைக்க இடம் தேடியிருக்கிறாள். நான் கேட்டது வேறு: “அந்த எடத்துல எத்தனை பேரு வேலை செய்யறாங்க?” அறுபது பேர், அதில் பாதிக்குமேல் பெண்கள் என்றாள். நான் சொன்னேன்: “பாத்து எழுது.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “சரிக்கா” என்று வைத்துவிட்டாள்.

அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கி, இருபது ஆண்டுகளாகச் சொற்களைப் பிரித்துப் பொருள் சொல்லிப் பிழைக்கிறவள் நான். ‘பார்த்து’ என்ற சொல்லுக்கு நம் பேச்சில் எத்தனை பொருள் என்பதை அன்றிரவு என் வாயிலிருந்து அது வந்த பிறகுதான் கவனித்தேன். பேருந்தில் ஏறும் குழந்தையிடம் ‘பாத்துப் போ’ என்கிறோம். காய்கறிக்காரரிடம் ‘பாத்துப் போட்டுக் குடுங்க’ என்கிறோம். அரசு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் ‘கொஞ்சம் பாத்துச் செய்யுங்க’ என்கிறோம். முதலாவதில் கண்ணைத் திறந்து வை என்று பொருள். கடைசியில் கண்ணை மூடிக்கொள் என்று பொருள். ஒரே சொல்லால் இரண்டையும் கேட்கப் பழகியிருக்கிறோம். நான் எதைக் கேட்டேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

*

அவள் மாசுக் கட்டுப்பாட்டுத் துறையில் உதவிப் பொறியாளர். ஆலைகள், சாயப்பட்டறைகள், கல் குவாரிகள், அரிசி ஆலைகள், மருத்துவமனைகள் என்று எல்லா இடத்துக்கும் போவாள். அரசு விதித்த நிபந்தனைகளின்படி அவை நடக்கின்றனவா என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், போபால் நச்சுவாயுவுக்குப் பிறகு 1986இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஆகிய மூன்றும் அவள் பையில் இருக்கும். எந்த நேரத்திலும் ஆலைக்குள் நுழையும் உரிமையைச் சட்டம் தருகிறது. மூடும் அதிகாரம் அவளிடம் இல்லை. அவள் எழுதுவதை வைத்து மேலே உள்ளவர்கள் முடிவெடுப்பார்கள். ஆனால் அவள் எழுதாத ஒன்றை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது.

வேலை எப்படி நடக்கும் என்று அவளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வண்டி உள்ளே நுழைந்ததும் மேலாளர் ஓடி வருவார். “மேடம், வெயில்ல எதுக்கு? உள்ள ஏசி ரூம்ல உக்காருங்க. சாம்பிள நம்ம பையன் எடுத்துட்டு வந்துருவான்.” டீ வரும், முந்திரி வரும். அவள் தன் தண்ணீர் பாட்டிலைத் தவிர எதையும் தொடுவதில்லை. அதற்கு நேர்மை மட்டும் காரணமல்ல. அங்கெல்லாம் பெண்கள் போகக்கூடிய கழிப்பறை பெரும்பாலும் இருக்காது. காலையில் கிளம்பினால் மாலைவரை அந்த ஒரு பாட்டில் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிப்பாள். ஊர்த் தண்ணீரைப் பரிசோதிக்கப் போகிறவள் தாகத்தோடு போகிறாள்.

நீர் மாதிரி எடுப்பதற்குச் சட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஆலைக்காரருக்கு எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். அவர் கண்ணெதிரே மாதிரியை எடுத்து இரண்டு பங்காகப் பிரிக்க வேண்டும். இரண்டையும் முத்திரையிட்டு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் நீதிமன்றத்தில் அந்த மாதிரி நிற்காது. குற்றம் செய்தவர் தப்ப வழி விட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை நான் சலித்துக்கொண்டபோது அவள் சொன்னாள்: “இல்லக்கா. நான் பொய் சொன்னா அவங்களும் தப்பிக்கணும்ல.”

சாயப்பட்டறையின் சிக்கல் சாயத்தில் மட்டும் இல்லை, உப்பில் இருக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். துணியில் சாயம் தங்கும், உப்பு தங்காது. போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்தாக வேண்டும். நிறத்தை நீக்கிவிடலாம். கண்ணாடிபோல் தெளிந்து ஓடும் நீரில் கரைந்திருக்கும் உப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆற்றில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்புகள் இருக்கக் கூடாது என்பது விதி. குடிநீருக்கு 500, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. உப்பைப் பிரிக்க எதிர்ச்சவ்வூடு பரவல் இயந்திரம் வேண்டும். அதிலும் மிஞ்சும் அடர்கரைசலைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும். அதற்கு மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாகச் செலவாகும். அந்தச் செலவை மிச்சம்பிடிக்கத்தான் இரவில் ஒரு குழாய் தேவைப்படுகிறது.

குழாயைத் தேடி அவள் முதலில் தோட்டத்துக்குள் போவதில்லை, கணக்குக்குள் போகிறாள். எத்தனை லிட்டர் தண்ணீர் உள்ளே வந்தது, எத்தனை கிலோ உப்பு வாங்கினார்கள், ஆவியாக்கும் கலன் எத்தனை யூனிட் மின்சாரம் இழுத்தது, எத்தனை மூட்டை உப்பும் கசடும் வெளியே வந்தன என்று பார்ப்பாள். உள்ளே போனதும் வெளியே வந்ததும் சரியாக இருக்க வேண்டும். “அம்மா மளிகைச் சீட்டுல கண்டுபுடிக்கறதுதான்க்கா” என்றாள். “ரெண்டு படி அரிசி கொறையுதுன்னா, அது எங்கியோ போயிருக்குன்னு அர்த்தம்.” அன்று மின்சாரக் கணக்கில் குறைந்தது. அதன்பிறகுதான் சுற்றுச்சுவர் ஓரமாக நடந்து, வாழைக்குப் பின்னால் மண்ணுக்குள் போகும் ஆறு அங்குலக் குழாயைக் கண்டுபிடித்தாள். அது ஓடைக்குப் போகிறது. ஓடை நொய்யலுக்குப் போகிறது.

திரும்பி வரும்போது, துணியை உலர்த்தும் இடத்திலிருந்து ஐம்பது வயதுள்ள ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். “ஏனுங் கண்ணு, நீங்க எழுதிப்போட்டுப் போயிருவீங்க. நாங்க எங்க போறது?”

*

எங்கள் குடும்பம் நொய்யலின் இரண்டு பக்கத்திலும் இருந்தது.

என் அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ‘செக்கிங்’ பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். டியூப்லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டு ஒவ்வொரு துணியாக விரித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட சிறிய ஸ்டிக்கரை ஒட்டுவார். நான் கல்லூரிக்குப் போனது அந்த ஸ்டிக்கர் காசில். என் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யக் கொடுத்த பணமும் அதுதான். அந்தத் துணிகளுக்கு நிறம் ஏற்றிய நீர் எங்கே போனது என்று அப்போது நான் கேட்கவில்லை. சங்க இலக்கியத்தில் நீர் பற்றி ஒரு இயல் எழுதிக்கொண்டிருந்தேன்.

அமுச்சியின் ஊர் கீழ்ப்பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்தில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. தண்ணீருக்காகப் போராட வேண்டிய உழவர்கள், எங்களுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றம் போனார்கள். அமுச்சி வீட்டுக் கிணறு உப்பானது. ஆய்வகம் வந்து சொல்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே அமுச்சிக்குத் தெரியும். பருப்பு வேகவில்லை. டீக்குப் பால் ஊற்றினால் திரிந்தது. குளித்த தலை பிசுபிசுத்தது. அண்டாவின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்தது. மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பருப்பு வேகவில்லை என்பது எந்தப் படிவத்திலும் ஓர் அளவுகோல் இல்லை. ஆற்றின் மாசை முதலில் அறிந்தவர்கள் அடுப்படியில் இருந்தார்கள்; அடுப்படியில் அறிந்ததை அறிவு என்று யாரும் பதிவு செய்யவில்லை.

அதே கிணற்றடியில் வளர்ந்தவள்தான் என் சித்தி மகள். அவள் ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாள் என்று நான் கேட்டதில்லை.

2011 ஜனவரி 28 அன்று, கழிவை முழுதாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் நின்றால் துணி வராது. துணி வராவிட்டால் செக்கிங் மேசை காலி. அம்மாவுக்கு வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றானது. அந்த ஆண்டுப் பொங்கலுக்குப் பிந்தைய மாதங்களில் எங்கள் வீட்டில் அம்மாவும் சித்தியும் தொலைபேசியில்கூட அளந்துதான் பேசினார்கள். ஒருத்திக்குத் தண்ணீர் திரும்ப வருமா என்ற நம்பிக்கை. இன்னொருத்திக்கு வேலை திரும்ப வருமா என்ற பயம். இருவருமே தவறு செய்யாதவர்கள்.

ஆகவே நான் ‘பாத்து எழுது’ என்றபோது யாருக்காகப் பேசினேன்? உலர்த்தும் இடத்தில் நின்ற அந்தப் பெண்ணுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் இடத்தில் என் அம்மாவைப் பார்த்தேன். அது பொய்யில்லை. ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. கீழ்ப்பக்கத்து அமுச்சி இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இறந்தவர்கள் கையைப் பிடித்துக் கேட்பதில்லை.

*

கோப்புகளில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று இசைவு. ஓர் ஆலை தொடங்கவும் இயங்கவும் அரசு தரும் ஒப்புதலுக்கு இசைவாணை என்று பெயர். இன்னொன்று இணக்கம். விதித்த நிபந்தனைகளுக்கு இணங்கி நடக்கிறதா என்று பார்ப்பது இணக்க ஆய்வு. இந்த இரண்டு சொற்களையும் நம்மில் பலர் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணின் அப்பா இசைவு சொல்வார். புகுந்த வீட்டில் இணக்கமாக இரு என்று அம்மா சொல்லி அனுப்புவார். இணங்கிப் போவது பெண்ணின் குணம் என்று வளர்க்கப்பட்டவளுக்கு, அடுத்தவர் இணங்கினாரா என்று சோதிக்கும் வேலை கிடைத்தால் என்ன ஆகும்? நம்மைப் பார்க்க வருவார்கள். நாம் பார்க்கப் போய்ப் பழக்கமில்லை.

கண்டும் காணாமல் இரு என்பது நமக்குத் தரப்பட்ட முதல் பாடம். அப்பா குடித்துவிட்டு வந்ததைக் காணாமல் இரு. மாமா கை எங்கே போகிறது என்பதைக் காணாமல் இரு. கண்டதைச் சொன்னால் குடும்பம் உடையும், உடைத்தவள் நீ. குற்றம் செய்தவர் உடைக்கவில்லை, பார்த்துச் சொன்னவள் உடைத்தாள் என்ற இந்தக் கணக்கு எவ்வளவு உறுதியாக நமக்குள் ஊறியிருக்கிறது என்றால், பெண்ணியம் பேசும் நான் என் தங்கையிடம் அதையே திருப்பிச் சொன்னேன். பட்டறை மூடினால் அறுபது பேரின் வேலை போகும். போக வைத்தது யார்? மண்ணுக்கடியில் குழாய் புதைத்தவர். ஆனால் என் வாயிலிருந்து வந்த அறிவுரை அவருக்குப் போகவில்லை, அவளுக்குப் போனது.

வகுப்பில் திருக்குறள் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் கடந்துபோகும் ஓர் அடுக்கு உண்டு. பொருட்பாலில் 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். அதற்கு அடுத்த 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். இன்று கண்ணோட்டம் என்றால் ஒரு கோணம், ஓர் அபிப்பிராயம். வள்ளுவரிடம் அது இரக்கம். எதிரில் நிற்பவர்மேல் கண் ஓடி நெகிழ்வது. ஒற்றாடலோ உண்மையை அறிந்து வரும் வேலை. தன்னிடம் வேலை செய்வோர், பகைவர் ஆகியோருடன் தன் சொந்த உறவினரையும் விட்டுவைக்காமல் ஆராய்வதே ஒற்று என்கிறார். ஒருவர் சொன்னதை மட்டும் நம்பாதே, ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்துப்போனால் ஏற்றுக்கொள் என்கிறார். நீர்க் கணக்கு, உப்புக் கணக்கு, மின்சாரக் கணக்கு மூன்றையும் ஒப்பிட்ட என் தங்கை இதைத்தான் செய்தாள். இரக்கத்தையும் ஆராய்ச்சியையும் இரண்டு மனிதர்களுக்குப் பிரித்துத் தராமல், ஒரே ஆளுக்கு அடுத்தடுத்துச் சொல்லியிருக்கிறார் என்பதை அந்த வாரம்தான் உணர்ந்தேன். ஆளுகிறவரை மனத்தில் வைத்துச் சொன்னவை அவை. ஆனால் ஒரு சிறு கையெழுத்துக்கு ஓர் ஊரின் தண்ணீரைத் தீர்மானிக்கும் வலிமை இருக்கும்போது, அந்தக் கையும் ஆட்சியின் கைதான்.

கண்ணோட்டம் அதிகாரத்தின் கடைசிக் குறள் நண்பர் தன் கண்முன்னே நஞ்சை ஊற்றித் தந்தாலும் குடித்துவிட்டு அமைதியாக இருப்பவரைப் பற்றியது. நயத்தின் உச்சம் என்று சொல்லித் தந்திருக்கிறேன். பெண்களின் பொறுமைக்கு இதை மேற்கோள் காட்டுகிறவர்களோடு சண்டையும் போட்டிருக்கிறேன். இந்த முறை வேறொன்று கண்ணில் பட்டது. அந்தக் குறளில் நஞ்சைக் குடிப்பவர் தான் குடிக்கிறார். தன் தாட்சண்யத்தின் விலையைத் தன் தொண்டையால் கொடுக்கிறார். என் தங்கை அன்று குழாயைக் காணாததுபோல் எழுதியிருந்தால் நஞ்சைக் குடிப்பது அவள் அல்ல, நானும் அல்ல. அணைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி, பருப்பு ஏன் வேகவில்லை என்று அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். அடுத்தவர் தொண்டையில் ஊற்றித் தாராளமாக இருப்பதற்குப் பெயர் கண்ணோட்டம் இல்லை. அதே அதிகாரத்தில், செய்ய வேண்டிய கடமை கெடாமல் இரக்கம் காட்டத் தெரிந்தவருக்கே உலகம் உரியது என்ற பொருளில் இன்னொரு குறளும் இருக்கிறது. நான் கடமையைக் கெடுத்து இரக்கம் காட்டச் சொன்னேன்.

*

இவ்வளவு சொல்லிவிட்டு அந்த உலர்த்தும் இடத்துப் பெண்ணை விட்டுவிட்டுப் போனால் இந்தக் கட்டுரைக்கு மதிப்பில்லை. கொள்கைக்கு உண்மையாக இருந்தோம் என்ற நிறைவு அவர் வீட்டு அரிசியாகாது. ஆற்றைக் காப்பாற்றுவதன் முதல் தவணையை அந்த ஆற்றைக் கெடுத்து லாபம் பார்க்காதவர்களே கட்ட வேண்டியிருக்கிறது. முதலாளிக்கு ஆறு மாதம் தாங்கும். கூலிக்காரிக்கு ஆறு நாள்.

ஆனால், தண்ணீரா வேலையா என்ற கேள்வியை முன்வைத்தது யார் என்று பார்க்க வேண்டும். 1996ஆம் ஆண்டு டெல்லியிலிருந்து 168 ஆலைகளை வெளியேற்ற உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், ஆலை மூடிய நாளுக்கும் வேறிடத்தில் திறக்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பணிக்காலமாகக் கருதித் தொழிலாளர்களுக்கு முழுச் சம்பளம் தர வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. அதே ஆண்டு, வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்துகிறவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஆலை நின்ற நாட்களின் கூலியும் அந்த விலைக்குள் அடங்கும் என்பதே எனக்குப் புரிகிறது. அது நடைமுறையில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பது வேறு துயரம். ஆனால் ஒன்று தெளிவு: கூலியைக் காப்பாற்ற ஒரே வழி குழாயை மறைப்பதுதான் என்பது உண்மையல்ல. அது குழாய் புதைத்தவருக்கு வசதியான உண்மை. ஏழைப் பெண்ணை முன்னால் நிறுத்தி அவள் பின்னால் ஒளிந்துகொள்வது பழைய வழக்கம். அவளை இப்படி முன்னால் நிறுத்தும் நேரம் தவிர மற்ற நேரத்தில் அவளுக்குக் கழிப்பறைகூடக் கட்டித் தரமாட்டார்கள்.

எழுதாமல் விட்டால் தொழிலாளிக்கு நல்லது என்பதும் பொய்தான். 2015 ஜனவரி இறுதியில், ஓர் இரவு, ராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துக் கட்டடத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் அந்தக் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து வந்தவர்கள். கழிவு என்று நாம் பெயர் வைத்து ஓரமாக ஒதுக்குவது முதலில் யார் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆற்றின் எதிரி தொழிலாளியின் நண்பனாக இருந்ததாக எனக்கு ஒரு கதையும் தெரியாது.

*

என் மாணவிகளுக்கு நான் சொல்லும் ஒரு பெண்ணைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1893ஆம் ஆண்டுதான் முதன்முதலாகப் பெண்களைத் தொழிற்சாலை ஆய்வாளர்களாக நியமித்தார்கள். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பெண்கள் பார்த்தால்தான் சில விஷயங்கள் தெரியும் என்று தொழிற்சங்கப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற பதவி அது. அப்படி வந்தவர்களில் ஒருவர் லூசி டீன். 1898ஆம் ஆண்டின் அறிக்கையில், கல்நார் ஆலைகளில் பறக்கும் தூசியைப் பற்றி அவர் எழுதினார். நுண்ணோக்கியில் அந்தத் தூசி கண்ணாடித் துண்டுகள்போலக் கூராக இருப்பதையும், அதைச் சுவாசிக்கிறவர்கள் நோயில் விழுவதையும் பதிவு செய்தார். அந்த அறிக்கை அச்சாகி அலமாரிக்குப் போயிற்று. கல்நார்த் தூசியைக் கட்டுப்படுத்தும் முதல் விதிமுறை அங்கே 1931இல் வந்தது. கல்நாரை முழுதாகத் தடை செய்தது 1999இல்.

நூறு ஆண்டுகள். இந்தக் கணக்கைக் கேட்டதும் வகுப்பில் யாராவது ஒருத்தி, “அப்ப அவங்க எழுதுனதுல என்ன பிரயோஜனம் மேம்?” என்று கேட்பாள். நியாயமான கேள்வி. முன்பு என்னிடம் நல்ல பதில் இருந்ததில்லை. இப்போது இப்படிச் சொல்கிறேன்: அவர் எழுதியதால் கல்நார் நிற்கவில்லை. ஆனால் ‘அப்போது யாருக்கும் தெரியாது’ என்று பின்னால் யாரும் சொல்ல முடியாமல் போயிற்று. இறந்தவர்களின் பிள்ளைகள் காரணம் தேடி வந்தபோது, ஒரு பெண் அன்றே பார்த்தாள், அன்றே எழுதினாள் என்று காட்ட ஒரு தாள் இருந்தது. சாட்சியத்தின் பயன் சில நேரம் சாட்சிக்குத் தெரியாது.

கவிதை எழுதுகிறவளுக்கு இது கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. நொய்யல் பற்றி நான் ஏழு கவிதைகள் எழுதியிருக்கிறேன். மேடையில் வாசித்தால் கைதட்டுவார்கள். அந்த நதிக்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். அங்கே அகழ்ந்தபோது மணிகளும் இரும்புருக்கிய தடயங்களும் எழுத்துப் பொறித்த ஓடுகளும் நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தொழில் செய்த ஆற்றங்கரை அது. தொழில் வந்ததால் ஆறு சாகவில்லை. இதையும் ஒரு கவிதையில் வைத்திருக்கிறேன். ஆனால் ‘தென்கிழக்குச் சுவரிலிருந்து பதினான்கு அடி தூரத்தில், ஆறு அங்குல விட்டமுள்ள குழாய், நீர் கசிந்த நிலையில் காணப்பட்டது’ என்ற ஒரு வரியை நான் எழுதியதில்லை. அவள் எழுதினாள். அந்த வரியில் உவமை இல்லை. அதற்காக யாரும் கைதட்டவும் இல்லை.

*

ஆம், எழுதிவிட்டாள். மறுநாள் காலையில், கண்டதைக் கண்டபடியே. அதோடு நிற்காமல், பட்டறை நின்றால் பாதிக்கப்படும் தொழிலாளர் எண்ணிக்கையையும் நின்ற நாட்களுக்குக் கூலி தர உரிமையாளரைப் பொறுப்பாக்குவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்பதையும் தனித் தாளில் எழுதி இணைத்தாளாம். “படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லக்கா. அதான் தனித்தாள்.” மின் இணைப்பைத் துண்டித்தார்கள். பதினொரு வாரம் பட்டறை நின்றது. குழாயைப் பெயர்த்தெடுத்து, ஆவியாக்கும் கலனைச் சரிசெய்த பிறகு திறந்தது. அந்தத் தனித்தாளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அடுத்த ஆய்வுக்குப் போனபோது அந்தப் பெண் அங்கே இல்லை. வேறு பட்டறைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. தான் சரியாகச் செய்தோமா என்ற சந்தேகம் அவளுக்கு இல்லை. சரியாகச் செய்த பிறகும் வலிக்கும் என்பதை அவளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். நான் வேறெதையோ சொன்னேன்.

தீபாவளிக்கு அவள் வந்திருந்தாள். முற்றத்தில் உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது, அன்று அப்படிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். “விடுக்கா, நீ சொல்லாட்டி வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்க” என்றாள். அது மன்னிப்பா குற்றச்சாட்டா என்று தெரியவில்லை. அடுப்புப் பக்கம் இருந்த அம்மா என்ன விஷயம் என்று கேட்டார். முழுதும் சொன்னோம். உலர்த்தும் இடத்துப் பெண்ணைப் பற்றியும் சொன்னோம். அம்மா அந்த மூடல் மாதங்களை மறந்திருக்க மாட்டார் என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அம்மா சட்டுவத்தை வைத்துவிட்டுச் சொன்னார்: “செக்கிங்ல இருக்கையில நம்ம பக்கத்து ஊட்டுக்காரிதான் டெய்லரு. அவ தச்ச பீசுல தையல் விட்டிருக்கும். ஸ்டிக்கர் ஒட்டுனா அவளுக்குக் கூலி புடிப்பாங்க. ஒட்டாம வுட்டா லாட்டே திரும்பி வரும், எல்லாத்துக்கும் வேலை போகும். நான் ஒட்டிப்போடுவேன். அப்பறம் சாயங்காலம் வேலை முடிஞ்சு, அவகூட உக்காந்து நானும் பிரிச்சுத் தச்சுக் குடுப்பேன். ராத்திரி ஒம்பது மணி ஆயிரும். நீங்க ரெண்டு பேரும் பசியோட காத்துட்டு இருப்பீங்க.”

அம்மா ஏன் அத்தனை இரவுகள் தாமதமாக வந்தார் என்பது முப்பது ஆண்டுகள் கழித்து அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் அதை ஓவர்டைம் என்று நினைத்திருந்தேன்.

தங்கை எதுவும் பேசவில்லை. மாவுக் கையோடு எழுந்துபோய்த் தன் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்து, அந்தத் தனித்தாளின் நகலை அம்மாவிடம் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளக்குக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.